சோதிக்கும் கருவியைச் சோதிப்பது யார்?

சி மொழியில் எழுதிய நிரல்களில் தொல்லை பிடித்த பிழை எது என்று அனுபவமுள்ள நிரலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். தப்பு ஓரிடத்தில் நடந்து, நிரல் வேறோரிடத்தில் விழுகிற பிழையைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். பத்து எண்களுக்கு இடம் கேட்டு வாங்கிவிட்டுப் பதினோராவது எண்ணை எழுதினால் கணினி உடனே கத்தாது. அந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு தகவல் இருந்திருக்கும். அது சத்தமில்லாமல் அழியும். சம்பந்தமே இல்லாத ஒரு வேலையின் நடுவில், அழிந்துபோன அந்தத் தகவல் தேவைப்படும்போதுதான் நிரல் சரியும். விழுந்த இடத்தை எவ்வளவு தோண்டினாலும் காரணம் அங்கே கிடைக்காது.

இதற்குத் தம்பி ஒருவன் உண்டு. வாங்கிய இடத்தில் எதையும் எழுதாமலே அதைப் படிப்பது. முன்பு அந்த இடத்தைப் பயன்படுத்தியவர் விட்டுப்போன எச்சம் அங்கே கிடக்கும். நம் கணினியில் அது பூஜ்யமாக இருந்து எல்லாம் ஒழுங்காக நடக்கும். வாடிக்கையாளரின் கணினியில் வேறு எண்ணாக இருந்து கணக்கு தவறும். திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தை மறுபடி தொடுவது, ஒரே இடத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுப்பது, வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காமலே விட்டு நினைவகத்தைக் கசியவிடுவது ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இவற்றைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கென்றே உள்ள கட்டற்ற மென்பொருள் வால்கிரிண்ட். ஜூலியன் ஸீவர்ட் என்ற பிரிட்டிஷ் நிரலாளர் தொடங்கியது. கோப்புகளைச் சுருக்கும் பிஸிப்2 மென்பொருளை எழுதியவரும் அவர்தான். வால்கிரிண்டின் 1.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்து நிக்கோலஸ் நெதர்கோட் சேர்ந்துகொண்டார். கேம்பிரிட்ஜில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வே இதைச் சுற்றித்தான். இன்று லினக்ஸில் சி, சி++ எழுதுகிறவர்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் அரிது.

ஆனால் வால்கிரிண்டின் ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளிவருவதற்கு முன்னால், அந்தக் கருவியையே சிலர் உட்கார்ந்து சோதிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. அது ஏன் தேவை என்று விளங்க, கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

வால்கிரிண்ட் உங்கள் நிரலை நேரடியாகச் செயலியில் ஓடவிடுவதில்லை. நிரலின் இயந்திரக் கட்டளைகளைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, வெக்ஸ் என்ற தன் பகுதியின் மூலம் ஓர் இடைநிலை மொழிக்கு மாற்றுகிறது. அந்த இடைநிலை வடிவத்துக்குள் தன் சோதனைகளைச் செருகுகிறது. பிறகு அதை மறுபடி இயந்திரக் கட்டளைகளாக மாற்றி, அந்தப் புதிய கட்டளைகளைத்தான் ஓட்டுகிறது. உங்கள் அசல் கட்டளை ஒன்றுகூட அப்படியே செயலியைத் தொடுவதில்லை. இதனால் ஒரு பெரிய வசதி: நிரலைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டாம், மூல நிரல்கூடக் கையில் இருக்க வேண்டியதில்லை. விலையும் பெரியதுதான். வால்கிரிண்டின் கீழே நிரல் இருபது, முப்பது மடங்கு மெதுவாக ஓடும். பல இழைகள் கொண்ட நிரலானால், ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டுமே அது ஓடவிடும். செயலியில் எத்தனை கோர் இருந்தாலும் பயனில்லை.

வால்கிரிண்டுக்குள் பல கருவிகள் உண்டு. எல்லோரும் பயன்படுத்துவது மெம்செக். அது நினைவகத்துக்கு ஒரு நிழற்கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பைட்டைப் பற்றியும் அது குறித்துவைப்பது இரண்டு விஷயம். முதலாவது, இந்த பைட்டைத் தொட நிரலுக்கு உரிமை உண்டா? அதற்கு பைட்டுக்கு ஒரு பிட் போதும். இரண்டாவது, இதில் உள்ள ஒவ்வொரு பிட்டும் உண்மையிலேயே எழுதப்பட்டதா, பழைய எச்சமா? அதற்கு எட்டு பிட். ஆக ஒரு பைட்டைக் கண்காணிக்க ஒன்பது பிட் என்றாகிறது. கண்காணிக்கப்படும் தகவலைவிடக் கண்காணிப்பேடு பெரியது. ஆனால் நடைமுறையில், ஒரே பைட்டுக்குள் பாதி எழுதி மீதியை விடுகிற நிரல்கள் குறைவு. ஆகவே தொடக்கூடாதது, தொடலாம் ஆனால் எழுதப்படாதது, முழுவதும் எழுதப்பட்டது, பகுதி மட்டும் எழுதப்பட்டது என்று நான்கே நிலைகள் வைத்துக்கொண்டு, பைட்டுக்கு இரண்டு பிட்டில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பகுதி எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு விரிவான அட்டவணை. நெதர்கோட்டும் ஸீவர்டும் 2007-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்த உத்தி விளக்கப்பட்டிருக்கிறது. கருவி பயன்படுத்தக்கூடிய வேகத்தில் ஓடுவதற்கு இத்தகைய சிக்கனங்கள்தான் காரணம்.

நினைவகத்தில் இடம் வாங்கித் தரும் மாலாக் என்ற செயல்பாட்டின் மூலம் நிரல் இடம் கேட்டால் மெம்செக் அந்தக் கோரிக்கையைத் தானே வாங்கிக்கொள்கிறது. கேட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் 16 பைட் வெற்றுப் பட்டை விடுகிறது. அந்தப் பட்டையைத் தொட்டால் உடனே குரல் கொடுக்கும். திருப்பிக் கொடுத்த இடத்தையும் சட்டென்று மறுபடி வழங்கிவிடாது. சுமார் 2 கோடி பைட் சேரும்வரை வரிசையில் காத்திருக்க வைக்கும். அந்த இடைவேளையில் யாராவது பழைய பாயின்டரைப் பிடித்துக்கொண்டு அங்கே போனால், எந்த வரியில் போனார், அந்த இடம் முதலில் எங்கே வாங்கப்பட்டது, எங்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் காட்டும்.

எழுதப்படாத மதிப்புகளைப் பிடிப்பதில் மெம்செக் செய்யும் ஒரு தீர்மானம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் எழுத்தும் ஒரு முழு எண்ணும் கொண்ட சிறு பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுத்துக்கு 1 பைட், எண்ணுக்கு 4 பைட், மொத்தம் 5 என்றுதான் கணக்கு வரும். ஆனால் எண் சரியான எல்லையில் தொடங்க வேண்டும் என்பதற்காகக் கம்பைலர் நடுவில் 3 பைட் வெற்றிடம் விட்டு 8 பைட்டாக வைக்கும். அந்த மூன்று பைட்டில் யாரும் எதையும் எழுதப்போவதில்லை. பதிவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுத்தால் அந்த வெற்றிடமும் சேர்ந்தே நகலாகும். எழுதப்படாததைப் படித்தால் உடனே எச்சரிக்கை என்று விதி வைத்தால், ஒழுங்கான நிரல்கூட ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகளைக் கொட்டும். எனவே மெம்செக் நகலெடுப்பதைக் கண்டுகொள்வதில்லை. எழுதப்படாமை என்ற குறியையும் மதிப்போடு சேர்த்து அனுப்பிவைக்கிறது. அந்த மதிப்பை வைத்து நிரல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவெடுக்கும்போதோ, அதை முகவரியாகப் பயன்படுத்தும்போதோ, இயங்குதளத்திடம் ஒப்படைக்கும்போதோதான் வாயைத் திறக்கிறது. அதாவது, தவறு நிரலின் போக்கைப் பாதிக்கும் இடத்தில் மட்டும்.

இந்த அடக்கத்தில்தான் கருவியின் மதிப்பே இருக்கிறது. பொய்யாகக் கத்தும் கருவியை யாரும் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்துக்கொண்டாலும் அதன் பேச்சைக் கேட்க மாட்டார்கள். ஒருமுறை ஈட்டிய நம்பிக்கை நிலையாக நிற்பதும் இல்லை. கடையில் உள்ள எடைக்கல்லுக்கு ஒருமுறை முத்திரை வைத்துவிட்டால் ஆயுசுக்கும் செல்லாது, காலாகாலத்தில் மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும் அல்லவா, அதே நிலைதான் இங்கேயும். ஒரு வித்தியாசம்: எடைக்கல் தானாகத் தேய்கிறது. வால்கிரிண்ட் தேய்வதில்லை, அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது.

எப்படி மாறுகிறது? முதலில் செயலி. ஒவ்வொரு கட்டளையையும் வால்கிரிண்ட் புரிந்துகொண்டு மொழிபெயர்க்க வேண்டும் என்று பார்த்தோம். இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கட்டளைகளைச் சேர்க்கின்றன. தெரியாத கட்டளை எதிரே வந்தால் வால்கிரிண்ட் அந்த பைட்டுகளை அச்சிட்டு, எனக்கு இது தெரியவில்லை என்று கைவிரிக்கும். நிரலும் அதோடு நின்றுபோகும். இதைத் தவிர்க்க ஒரு தந்திரமும் செய்கிறது. நிரல் செயலியிடம் உன்னால் என்னென்ன முடியும் என்று விசாரிக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதற்கான பதிலை வால்கிரிண்டே தயாரித்துக் கொடுக்கிறது, தனக்குத் தெரிந்த வசதிகளை மட்டும் சொல்லி. நாகரிகமான நிரல்கள் அந்தப் பதிலைக் கேட்டு அடங்கி நடக்கும். ஆனால் இந்தக் கணினிக்கென்றே கம்பைல் செய் என்று சொல்லி உருவாக்கிய நிரல் யாரையும் விசாரிக்காது. ஏவிஎக்ஸ்-512 கட்டளைகள் சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் வால்கிரிண்டின் முதன்மைப் பதிப்பில் அவற்றுக்கு இடமில்லாமல் இருந்தது. அப்படிக் கம்பைல் செய்தவர்கள் பலர் இந்தச் சுவரில் முட்டியிருக்கிறார்கள்.

அடுத்து இயங்குதளத்தின் கருவான கெர்னல். கோப்பைப் படிக்க, வலைத்தொடர்பு திறக்க நிரல் கெர்னலை அழைக்கிறது. கெர்னலுக்குள் நடப்பதை வால்கிரிண்ட் பார்க்க முடியாது. கோப்பிலிருந்து 100 பைட் படி என்று நிரல் கேட்டால், அந்த 100 பைட்டும் இப்போது எழுதப்பட்டவை என்று நிழற்கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அந்த அழைப்பின் பொருள் வால்கிரிண்டுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் இத்தகைய அழைப்புகள் முந்நூற்றுக்கும் மேல். புதியவை சேர்ந்துகொண்டே போகின்றன. தெரியாத அழைப்பு வந்தால் வால்கிரிண்ட் காட்டும் செய்தியில் ஒரு நேர்மை இருக்கிறது. வேண்டுமானால் நீங்களே இதற்கு ஒரு கையாளியை எழுதலாம் என்று வழிகாட்டிவிட்டு, இருந்தாலும் இதை எங்கள் பிழையாகவே கருதுகிறோம், தயவுசெய்து தெரிவியுங்கள் என்று சொல்கிறது.

மூன்றாவது ஆள் கம்பைலர்; மூவரில் நுட்பமான எதிரி இதுதான். முதல் நிபந்தனை உண்மையாக இருந்தால் மட்டும் இரண்டாவதைப் பார் என்று நாம் எழுதுகிறோம். முதலாவது பொய்யாகும்போது இரண்டாவதில் வரும் மாறி எழுதப்படாமலே இருக்கலாம். நாம் அதைத் தொடப்போவதில்லை, எனவே தவறில்லை. புத்திசாலிக் கம்பைலர் ஒன்று, இரண்டையும் இடம் மாற்றிச் சோதித்தாலும் இறுதி விடை ஒன்றுதான் என்று கணித்து, வேகத்துக்காக இரண்டாவதை முதலில் சோதிக்கும்படி இயந்திரக் கட்டளை எழுதிவிடும். கணிதப்படி அது சரி. மெம்செக்குக்கோ எழுதப்படாத மதிப்பை வைத்து முடிவெடுப்பதாகத் தெரியும், கத்தும். நிரலாளரும் குற்றவாளி இல்லை, கம்பைலரும் இல்லை. 2020-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபோஸ்டெம் மாநாட்டில் ஸீவர்ட் இந்தச் சிக்கலைத்தான் விளக்கினார். தீர்வு, இயந்திரக் கட்டளைகளில் சிதறிக் கிடக்கும் அந்த இரட்டை நிபந்தனையைக் கண்டுபிடித்து, நிரலாளர் நினைத்த வடிவுக்கு அதை மீட்டெடுப்பது.

இந்த மூன்றோடு, வால்கிரிண்ட் ஓடும் மேடைகளின் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். இன்டெல் வகைச் செயலிகளில் 32, 64 பிட், ஆர்மிலும் அப்படியே இரண்டு, பவர், ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390எக்ஸ், மிப்ஸ். 2025 ஏப்ரலில் வந்த 3.25 பதிப்பில் ரிஸ்க்-5 செயலிகளும் சேர்ந்துகொண்டன. லினக்ஸ் தவிர ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் போன்ற இயங்குதளங்கள் வேறு. இவற்றின் மேல் எத்தனையோ கெர்னல் பதிப்புகள், கம்பைலர் பதிப்புகள், சி நூலகப் பதிப்புகள். விரல்விட்டு எண்ணக்கூடிய பராமரிப்பாளர்களின் மேசைகளில் இவ்வளவும் இருக்க முடியாது. வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பு என்ற ஏற்பாடு இங்கேதான் வருகிறது.

சமீப ஆண்டுகளில் வால்கிரிண்டின் பெரிய பதிப்புகள் ஏப்ரலிலும் அக்டோபரிலுமாக ஆண்டுக்கு இரண்டு வருகின்றன. அதற்குச் சற்று முன்பாக ஆர்சி1 என்ற பின்னொட்டோடு ஒரு பதிப்பு வைக்கப்படும். பெரிய குறை எதுவும் கிளம்பாவிட்டால் இதையே இறுதிப் பதிப்பாக அறிவிப்போம், உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்பது அதன் பொருள். புதிய வசதிகளைச் சேர்ப்பதற்கான நேரம் அல்ல அது. போன பதிப்பில் ஓடியது ஏதாவது இந்தப் பதிப்பில் ஓடாமல் போயிருக்கிறதா என்று தேடும் நேரம்.

வேலை எளிதாகத்தான் தொடங்கும். பொதியை இறக்கி, விரித்து, கன்ஃபிகர் ஓட்டி, மேக் ஓட்ட வேண்டும். கணினியில் ஏற்கெனவே உள்ள வால்கிரிண்ட் மேல் கை வைக்காமல், தனி அடைவு ஒன்றில் நிறுவுவதே புத்திசாலித்தனம். அதன் பிறகு மேக் ரெக்டெஸ்ட். நூற்றுக்கணக்கான சிறு நிரல்களைக் கம்பைல் செய்து, ஒவ்வொன்றையும் புதிய வால்கிரிண்டின் கீழ் ஓட்டும் கட்டளை இது.

அந்தச் சிறு நிரல்களில் ஒன்றின் பெயர் பேட்ஃப்ரீ. வேண்டுமென்றே தவறு செய்வதற்கென்று எழுதப்பட்டது: எங்கோ உள்ள கற்பனை முகவரி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கும், பிறகு மாலாக் மூலம் வாங்காத இடத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். மெம்செக் இரண்டையும் பிடிக்க வேண்டும். எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது பக்கத்திலேயே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டும்போது வரும் செய்தியை அந்தக் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார்கள். ஆனால் முகவரிகள் ஒவ்வொரு முறையும் மாறுமே? அதற்காக நடுவில் ஒரு வடிகட்டி உட்கார்ந்து, முகவரி வரும் இடத்தையெல்லாம் புள்ளிகளாக மாற்றிவிடும். செயல்முறை எண்ணையும் அகற்றிவிடும். வடிகட்டிய பிறகும் ஒரு வரி வேறுபட்டால் அந்தச் சோதனை தோல்வி. வேறுபாடு தனிக் கோப்பாக உங்கள் கையில் கிடைக்கும்.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் பதறுவது வழக்கம். எல்லாம் முடிந்து வரும் தொகுப்பு வரியில் தோல்விகளின் எண்ணிக்கை பூஜ்யமாக இருப்பது அபூர்வம். சி நூலகத்தில் ஒரு செயல்பாட்டின் பெயர் மாறியிருக்கும். அழைப்பு வரிசையில் ஒரு வரி கூடியோ குறைந்தோ வரும். கம்பைலர் ஒரு வரியெண்ணை ஒன்று தள்ளிக் காட்டும். இவை கருவியின் குறைகள் அல்ல. உண்மையான குறையைப் பிரித்தெடுக்க ஒரு வழிதான் இருக்கிறது: அதே கணினியில், அதே கம்பைலரில், முந்தைய பதிப்பையும் கட்டி அதன் சோதனைகளையும் ஓட்டிவிட்டு இரண்டு தோல்விப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. இரண்டிலும் இருப்பவை பழைய சங்கதி. புதிய பட்டியலில் மட்டும் இருப்பவைதான் சேதி. இந்த ஒப்பீடு இல்லாமல் பத்து சோதனை தோற்றது என்று எழுதி அனுப்பினால் அதைப் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

சில வேளை சோதனை தொடங்குவதற்கு முன்பே தடுக்கி விழுவதும் உண்டு. மெம்செக் சில நூலகச் செயல்பாடுகளைத் தன்னுடைய சொந்த வடிவத்தால் மாற்றி வைக்கிறது. உதாரணமாக, சரத்தின் நீளத்தை அளக்கும் ஸ்ட்ர்லென். நூலகத்தில் உள்ள வேகமான வடிவம் ஒரே மூச்சில் பல பைட்டுகளைப் படிக்கும். சரம் முடிந்த பிறகும் சில பைட் தாண்டிப் போகும். அது ஆபத்தில்லாத தாண்டல்தான் என்றாலும் மெம்செக் கண்ணுக்குக் குற்றம். எனவே மாற்று வடிவம். நூலகங்களை ஏற்றிவைக்கும் பகுதிக்குள்ளும் இப்படி மாற்றியாக வேண்டும். லினக்ஸ் விநியோகம் அந்தப் பகுதியிலிருந்து பெயர் அட்டவணையை இடம் மிச்சம் பிடிக்க வெட்டியிருந்தால், எங்கே மாற்றுவது என்று தெரியாமல் வால்கிரிண்ட் தொடக்கத்திலேயே நின்றுவிடும். டெபியன், உபுண்டு பயனர்கள் சி நூலகத்தின் டீபக் பொதியை நிறுவினால் சரியாகிவிடும். வால்கிரிண்டே அந்தச் செய்தியில் இதைச் சொல்லும்; படிக்கத்தான் பொறுமை வேண்டும்.

வால்கிரிண்டைக் கட்டுகிறவர்கள் செய்யும் இன்னொரு சோதனை வேடிக்கையானது. வால்கிரிண்டை வால்கிரிண்டுக்குள் ஓட்டுவார்கள். உள்ளே ஓடப்போவதைத் தனி விருப்பத்தோடு கம்பைல் செய்து, வெளியே இன்னொரு வால்கிரிண்டை வைத்து, அதற்குள் ஒரு சாதாரண நிரல். மெதுவாக இருக்கும் என்று சொல்வதெல்லாம் குறைவு. இருந்தாலும் கருவியின் சொந்த நினைவகப் பிழைகள் இப்படித்தான் பிடிபடுகின்றன.

பொதியோடு வரும் சோதனைகள் தேவைதான், ஆனால் அவை பராமரிப்பாளர்களுக்கும் தெரிந்தவை. வெளியாரின் உண்மையான பங்களிப்பு அதற்கு அப்பால் தொடங்குகிறது: தங்கள் சொந்த நிரலை ஓட்டுவது. தரவுத்தளமோ, விளையாட்டோ, கல்லூரிப் பாடத்துக்கு எழுதிய சிறு நிரலோ, எதுவானாலும் சரி. பழைய பதிப்பில் ஒருமுறை, ஆர்சியில் ஒருமுறை ஓட்டி, இரண்டு அறிக்கையையும் ஒப்பிட வேண்டும். புதிதாக ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் இரண்டில் ஒன்று: முன்பு தப்பிய பிழையைப் புதிய பதிப்பு பிடித்திருக்கிறது, அல்லது புதிய பதிப்பு பொய் சொல்கிறது. முன்பு வந்த எச்சரிக்கை காணாமல் போயிருந்தால் அது இன்னும் கவனத்துக்குரியது. பொய்யாகக் கத்துவது எரிச்சலூட்டும், அதனால் யாராவது புகார் செய்வார்கள். கத்த வேண்டிய இடத்தில் மௌனமாக இருந்தால் யாருக்கும் தெரியாது.

எச்சரிக்கையை எப்படிக் கையாள்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயமாகலாம் என்பதற்கு இரண்டு உண்மை நிகழ்ச்சிகள் இருக்கின்றன. முதலாவது 2006-இல் நடந்தது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் சீரற்ற எண்களை உருவாக்கும் இடத்தில், எழுதப்படாத நினைவகத்தில் கிடக்கும் எச்சத்தையும் கலவையில் சேர்த்துக்கொண்டிருந்தது. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் நட்டமில்லை என்ற கணக்கில். வால்கிரிண்ட் அதைச் சரியாகவே சுட்டிக்காட்டியது. எச்சரிக்கையை அடக்க நினைத்த டெபியன் தரப்பு, ஒரே மாதிரித் தோன்றிய இரண்டு வரிகளை நீக்கியது. ஒன்று எச்சத்தைச் சேர்க்கும் வரி, போனால் பாதகமில்லை. மற்றொன்று சீரற்ற தகவல் முழுவதும் கலவைக்குள் நுழையும் வாசல். அதுவும் போனதும், மிஞ்சியது நிரலின் செயல்முறை எண் மட்டும். அந்த எண் 32,768-ஐத் தாண்டாது. எண்ணற்ற வாய்ப்புகளிலிருந்து பிறந்திருக்க வேண்டிய இரகசியச் சாவிகள், டெபியனிலும் அதை அடியொற்றிய உபுண்டுவிலும், ஒவ்வொரு வகைக்கும் சுமார் 32 ஆயிரத்துக்குள் அடங்கிப்போயின. 2008 மே 13-இல் உண்மை வெளியாகும்வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தவர் லூசியானோ பெல்லோ. கொடுமை என்னவென்றால், இத்தகைய கருவிகளுக்கு முன்னோடியான பியூரிஃபையின் புகாரை அடக்குவதற்கென்று, பாதகமில்லாத வரியை மட்டும் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு ஓபன்எஸ்எஸ்எல் மூல நிரலிலேயே ஏற்கெனவே இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 2024 மார்ச்சில். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், டெபியனின் இன்னும் வெளியிடப்படாத வளர்ச்சிப் பதிப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய வழக்கமாகப் பிடிக்கும் 0.3 நொடி, 0.8 நொடியாக நீண்டிருந்தது. அதோடு இன்னொன்றும் அவருக்கு நினைவுக்கு வந்தது: சில வாரங்களுக்கு முன், பொதிகளைப் புதுப்பித்த பிறகு, தானியங்கிச் சோதனையில் வால்கிரிண்ட் ஏதோ விநோதமாகப் புகார் சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்துத் தோண்டியபோது, எக்ஸ்இஸட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக் கதவு செருகப்பட்டிருப்பது தெரியவந்தது. அதைச் செருகியவர் முதல் பதிப்பில் கிளம்பிய வால்கிரிண்ட் எச்சரிக்கைகளைக் கம்பைலரின் பிழை என்று சொல்லிச் சமாளித்து, அடுத்த பதிப்பில் அவற்றை மறைக்கவும் முயன்றிருந்தார். மார்ச் 29-இல் ஃப்ராயிண்ட் அதை உலகுக்கு அறிவித்தபோது அந்தப் பதிப்புகள் டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனை நிலைப் பதிப்புகளோடுதான் நின்றிருந்தன. பெருவாரியான சர்வர்கள் ஓடும் நிலையான பதிப்புகளுக்குள் அவை நுழைந்திருக்கவில்லை.

முதல் நிகழ்ச்சியில் கருவி சொன்னது உண்மை. கேட்டவர்கள் அதன் வாயை அடைப்பதையே தீர்வாக நினைத்தார்கள். இரண்டாவதில் கருவி சொன்னதை, கம்பைலர் பிழை என்ற விளக்கத்தால் தள்ளிவிடப் பார்த்தார்கள். அந்த விளக்கம் எடுபட்டதற்குக் காரணம், அத்தகைய பொய் எச்சரிக்கைகள் நிஜமாகவே வரக்கூடியவை என்பதுதான். பொய் எச்சரிக்கை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு இந்தச் சமாளிப்பு செல்லாக்காசாகும். வெளியீட்டுக்கு முன் ஒரு பொய் எச்சரிக்கையைக் கண்டுபிடித்துத் தெரிவிப்பவர் செய்யும் வேலையின் எடை இதுதான் என்பது என் கருத்து.

வால்கிரிண்டுக்கு வயதாகிவிட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கூகுளில் உருவான அட்ரஸ் சானிடைசர், நிரலைச் சுமார் இரண்டு மடங்கு மட்டுமே மெதுவாக்குகிறது. அடுக்கு நினைவகத்தில் உள்ள வரிசை எல்லை மீறினால் அதையும் பிடிக்கும்; மெம்செக் அதில் கோட்டை விடும். ஆனால் அட்ரஸ் சானிடைசருக்கு நிரலைத் திரும்பக் கம்பைல் செய்தாக வேண்டும், எழுதப்படாத மதிப்புகளை அது பார்ப்பதும் இல்லை. நாள்தோறும் ஓட்ட அது, மூல நிரல் இல்லாத நூலகம் கலந்த இடத்திலும் எழுதப்படாத மதிப்பைத் துரத்தும்போதும் வால்கிரிண்ட் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே நடைமுறை. ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

அடுத்த ஆர்சி வரும்போது சோதிக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. லினக்ஸ் உள்ள மடிக்கணினியோ, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு பலகையோ போதும். புத்தம் புதிய செயலியோ, பரவலாக இல்லாத லினக்ஸ் விநியோகமோ கையில் இருந்தால் உங்கள் சோதனைக்கு மதிப்பு கூடுதல். அறிக்கையில் செயலியின் பெயர், கெர்னல், கம்பைலர், சி நூலகம் ஆகியவற்றின் பதிப்பு எண்களை மறக்காமல் எழுதுங்கள். முந்தைய பதிப்பில் என்ன நடந்தது என்பதையும் சேருங்கள். உங்கள் நிரல் முழுவதையும் அனுப்பாமல், பிழையைக் காட்டும் இருபது முப்பது வரி நிரலாகச் சுருக்கி அனுப்புங்கள். சுருக்கும்போதே பாதி நேரம் காரணம் உங்களுக்கே பிடிபட்டுவிடும். புகார்களைப் பதியும் இடம் கேடிஇ திட்டத்தின் பக்ஸில்லா. வால்கிரிண்டைத் தொடக்கத்திலேயே கையில் எடுத்துக்கொண்டவர்கள் கேடிஇ நிரலாளர்கள் என்பதால் அந்த உறவு இன்றும் தொடர்கிறது. எல்லாம் ஒழுங்காக ஓடினாலும் அதையும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். உங்களுடையதைப் போன்ற கணினியில் இந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பராமரிப்பாளர்களுக்குத் தெரிய வேறு வழி கிடையாது.